மூச்சிரைப்பும் நடையும்: நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளின் இயக்கம் குறித்த மருத்துவ வரலாறு

நாட்பட்ட நுரையீரல் நோய்கள் என்பவை ஆண்டுக்கணக்கில் நீடித்து, மூச்சுவிடும் ஆற்றலை மெல்ல மெல்லக் குறைக்கும் நோய்களின் தொகுதியாகும். நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து விரியும் எம்பைசீமா ஆகியவை இன்று சி.ஓ.பி.டி. என்னும் பெயரின் கீழ் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நிலக்கரித் தூசியாலும் கல்தூசியாலும் வரும் தொழில்நோய்கள், நுரையீரல் தழும்பு நோய்கள், காசநோய் ஆறிய பின்னும் எஞ்சும் பாதிப்பு ஆகியவையும் இத்தொகுதியில் அடங்கும். காரணங்கள் வேறுபட்டாலும் நோயாளிகளின் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: நடந்தால் மூச்சு இரைக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, குளித்துத் துவட்டி உடை மாற்றுவதற்குள் களைத்துப்போகிறது.

இந்த முறையீட்டை மருத்துவம் கேட்ட விதம் கடந்த இருநூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. முதலில் நுரையீரலின் கொள்ளளவு அளக்கப்பட்டது. பிறகு நோயாளி நடக்கும் தூரம் அளக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அவர் தம் வீட்டிலும் தெருவிலும் உண்மையில் எவ்வளவு நடமாடுகிறார் என்பது அளக்கப்படுகிறது. இதே காலத்தில் சிகிச்சையும் தலைகீழாக மாறியது. மூச்சிரைப்பவர் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையின் இடத்தில், அவர் இயன்ற அளவு நடக்க வேண்டும் என்ற அறிவுரை வந்தது.

நுரையீரலை அளந்த காலம்

பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னக் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1819-இல் வெளியான தம் நூலில் எம்பைசீமாவை விரிவாக விவரித்தார். இறந்தவரின் மார்பைத் திறந்தவுடன் நுரையீரல் சுருங்குவது இயல்பு. சிலருடைய நுரையீரல் அவ்வாறு சுருங்காமல் காற்று நிறைந்தபடியே இருப்பதை அவர் கண்டார். மூச்சிரைப்புக்கு உடலுக்குள் பார்க்கக்கூடிய ஒரு காரணம் உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஆழமாக மூச்சை இழுத்து முழுவதுமாக வெளியே ஊதும்போது வெளிவரும் காற்றின் அளவை இக்கருவி காட்டியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதச் செய்து, இந்த அளவு உயரத்தைப் பொறுத்து மாறுவதையும் நோயுற்றவர்களிடம் குறைவதையும் அவர் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1947-இல், பாரிஸில் டிஃபெனோவும் பினெல்லியும் இதற்கு நேரத்தைச் சேர்த்தனர். வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடிக்குள் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே அவர்களுடைய அளவு. மூச்சுக்குழாய் அடைப்பைக் கண்டறிய இன்றும் இதுவே அடிப்படை அளவீடாக உள்ளது.

இந்த அளவீடுகள் நோயின் பெயரைச் சொல்ல உதவின. ஆனால் ஒருவர் கடைத்தெரு வரை போய் வர முடியுமா என்பதை அவற்றால் சொல்ல முடியவில்லை. ஒரே அளவு காற்றை ஊதும் இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். மற்றவர் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பார்.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

19-ஆம் நூற்றாண்டில் நாட்பட்ட நுரையீரல் நோய்களுள் மிகுந்த அச்சத்தை ஊட்டியது காசநோய். இயக்கமா, ஓய்வா என்ற விவாதம் முதலில் இந்நோயை ஒட்டியே எழுந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850-களில் சைலீசியாவின் மலைக்கிராமமான கோர்பெர்ஸ்டோர்ஃபில் சானடோரியம் ஒன்றைத் தொடங்கினார். இவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. தூய காற்றும் நல்ல உணவும் தருவதோடு, நோயாளிகளை மலைப்பாதையில் படிப்படியாகக் கூடுதல் தூரம் நடக்கச் செய்ததும் அவருடைய முறை. அவரிடம் நோயாளியாக வந்து உதவியாளராக உயர்ந்த பீட்டர் டெட்வைலர், 1876-இல் ஃபால்கென்ஸ்டைனில் தம் சொந்த சானடோரியத்தைத் தொடங்கியபோது ஆசிரியரின் வழியைக் கைவிட்டார். திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே அவருடைய சிகிச்சை. ஐரோப்பா முழுவதும் பரவியது இந்த முறையே.

இதற்கு மாறான முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. ஃபிரிம்லி சானடோரியத்தின் மருத்துவ அலுவலரான மார்கஸ் பேட்டர்சன், 1905 முதல் நோயாளிகளுக்குப் படிப்படியான உடலுழைப்பைக் கொடுத்தார். முதலில் குறைந்த தூரம் நடை, அது பழகியதும் மண்கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி, கடைசியில் கடப்பாறை வேலை. உழைப்பு நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று அவர் தந்த விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் நுரையீரல் நோயாளியின் உழைக்கும் திறனைப் படிப்படியாக வளர்க்கலாம் என்ற எண்ணம் அவருடைய நடைமுறையில் தெளிவாக இருந்தது.

தமிழ்நாட்டிலும் சானடோரியக் காலம் தடம் பதித்துள்ளது. மருத்துவர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய மருத்துவமனையின் பெயராலேயே அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்று வழங்குகிறது.

படுக்கை ஓய்வு தேவைதானா என்ற கேள்விக்குத் தெளிவான பதில்களுள் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. காசநோய்க்கு மருந்துகள் கிடைக்கத் தொடங்கிய பின், 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் இதற்குத் தலைமை ஏற்றார். நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கி ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடி மருந்து மட்டும் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஓராண்டு சிகிச்சையின் முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் செயல்படுகிறது.

ஓய்வின் தீங்கு குறித்த எச்சரிக்கை பொது மருத்துவத்திலும் எழுந்தது. 1947-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், நோயாளிகளைத் தேவையின்றிப் படுக்கையில் வைத்திருப்பதால் வரும் கேடுகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை எழுதினார். 1968-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் சால்டினும் சகாக்களும் நடத்திய ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. நல்ல உடல்நலம் உள்ள ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்தே இருந்தபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஆரோக்கியமான இளைஞரின் நிலையே இதுவென்றால், ஏற்கெனவே மூச்சிரைக்கும் முதியவரின் நிலையை ஊகிக்கலாம்.

சுரங்கத் தொழிலாளரிடம் கேட்ட கேள்வி

நடக்கும் திறனை நோயின் அளவுகோலாகக் கொண்ட முதல் முக்கிய முயற்சி தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தோன்றியது. 1945-இல் கார்டிஃப் அருகிலுள்ள லாண்டாஃ மருத்துவமனையில் தூசுநோய் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. சார்லஸ் ஃபிளெச்சர் அதன் முதல் இயக்குநர். தொழிலாளர்களின் எக்ஸ்ரே படத்தில் தெரிந்த தூசுப் படிவும், அவர்கள் படும் துன்பமும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. எனவே ஆய்வாளர்கள் எளிய கேள்விகளைக் கேட்டனர். வேகமாக நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ இரைக்கிறதா? ஒத்த வயதினரோடு சமதரையில் சேர்ந்து நடக்க முடிகிறதா? நூறு கெஜம் நடந்ததும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறதா? உடை மாற்றும்போதே இரைக்கிறதா?

இக்கேள்விகளிலிருந்து ஐந்து படிநிலைகள் கொண்ட மூச்சிரைப்பு அளவுகோல் உருவானது. மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெயரால் எம்.ஆர்.சி. அளவுகோல் என்று வழங்கப்படும் இது, சிறு மாற்றத்துடன் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மூச்சு எவ்வளவு இரைக்கிறது என்பதைக் காட்டிலும், இரைப்பால் வாழ்க்கை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையே இது பதிவு செய்கிறது. கருவி ஏதும் தேவையில்லாத, ஒரு நிமிடத்தில் முடியும் விசாரணை இது.

எம்பைசீமா நோயாளிகள் நடக்கத் தொடங்குதல்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் எம்பைசீமா நோயாளிகளுக்கு ஓய்வே பரிந்துரைக்கப்பட்டது. உழைப்பு, சிதைந்த நுரையீரலையும் இதயத்தையும் மேலும் கெடுக்கும் என்ற அச்சம் நிலவியது. நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்வன் பராக், ஆக்சிஜன் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். ஆக்சிஜன் பெற்றபடி நடந்து பழகிய எம்பைசீமா நோயாளிகள் பின்னர் ஆக்சிஜன் இல்லாமலும் கூடுதல் தூரம் நடந்ததை அவர் 1952-இல் குறிப்பிட்டார். விளையாட்டு வீரருக்கு நேரும் பயிற்சி விளைவு நோயாளிக்கும் நேரக்கூடும் என்பது அவருடைய கருத்து. அதைப் பலர் பொருட்படுத்தவில்லை.

1964-இல் ஆலன் பியர்ஸும் சகாக்களும் எம்பைசீமா நோயாளிகளை டிரெட்மில்லில் நடக்கப் பழக்கினர். சில வாரங்களில் அதே வேகத்தில் நடக்கும்போது இதயத்துடிப்பும் மூச்சு வேகமும் குறைந்தன. ஆனால் நுரையீரலின் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை. நுரையீரல் மாறாதபோது மனிதர் எப்படிக் கூடுதலாக நடக்கிறார் என்ற புதிருக்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அங்கு பணியாற்றிய தாமஸ் பெட்டி, தோளில் மாட்டிச் செல்லக்கூடிய திரவ ஆக்சிஜன் கலனை 1960-களின் நடுவில் நோயாளிகளிடம் பயன்படுத்தினார். அதுவரை பெரிய சிலிண்டரின் குழாய் நீளத்துக்குள் அடைபட்டிருந்தவர்கள் வெளியே நடமாட முடிந்தது. 1969-இல் அவர் வெளியிட்ட திட்டம் மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, நோய் பற்றிய கல்வி, மருந்து, ஆக்சிஜன் ஆகியவற்றை ஒன்றிணைத்தது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என இன்று அழைக்கப்படும் முறைக்கு அதுவே முன்மாதிரி. 1980, 1981 ஆண்டுகளில் முறையே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரு பெரிய ஆய்வுகள், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நோயாளிகள் நாளொன்றுக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் பெற்றால் ஆயுள் நீள்கிறது என நிறுவின.

நடையை அளத்தல்

நோயாளிகள் நடக்கத் தொடங்கியதும் நடையை அளக்க ஒரு முறை தேவைப்பட்டது. அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வீரர்களுக்காக 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டிருந்தார். 1976-இல் மெக்காவினும் சகாக்களும் அதை 12 நிமிட நடைச் சோதனையாக மாற்றி, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி நோயாளிகளிடம் பயன்படுத்தினர். கடும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு 12 நிமிடம் நீண்ட நேரம். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் பட்லேண்டும் சகாக்களும் 2, 6, 12 நிமிடச் சோதனைகளை ஒப்பிட்டு 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு நிமிடம் பொருத்தமான நடுவழியாகத் தெரிந்தது.

சோதனை எளியதாகத் தோன்றினாலும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கனடாவில் கோர்டன் கையாட்டும் சகாக்களும் 1984-இல் காட்டியபடி, நடக்கும்போது நோயாளியை ஊக்கப்படுத்திப் பேசினால் மட்டுமே தூரம் ஏறத்தாழ 30 மீட்டர் கூடிவிடுகிறது. ஒரு மருந்து தரும் பலனுக்கு இணையான மாற்றத்தைச் சோதனை செய்பவரின் சொல்லே உண்டாக்கிவிடும் என்பது இதன் பொருள். எனவே 2002-இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், திரும்பும் இடத்தில் அடையாளக் கூம்பு, ஒவ்வொரு நிமிடமும் சொல்ல வேண்டிய சொற்கள் என எல்லாவற்றையும் வரையறுத்தது. நோயாளி இடையில் நின்று இளைப்பாறலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. ஏறத்தாழ 30 மீட்டர் மாற்றமே நோயாளிக்குப் பொருளுள்ள மாற்றம் எனப் பின்னர் ஏற்கப்பட்டது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சாலி சிங்கும் சகாக்களும் 1992-இல் வேறொரு சோதனையை அறிமுகப்படுத்தினர். 10 மீட்டர் பாதையில் ஒலிக்குறிப்புக்கு ஏற்ப இங்கும் அங்கும் நடக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் வேகம் கூடும். வேகத்தை ஒலிநாடா தீர்மானிப்பதால் ஊக்கச் சொல்லின் தாக்கம் குறைந்தது.

2004-இல் பார்தொலோமே செல்லியும் சகாக்களும் உருவாக்கிய போடு குறியீடு, உடல் எடைக் குறியீடு, மூச்சுக்குழாய் அடைப்பு, மூச்சிரைப்பு, ஆறு நிமிட நடைத் தூரம் ஆகிய நான்கையும் சேர்த்தது. ஊதும் அளவை மட்டும் பார்ப்பதைவிட இந்த நான்கையும் சேர்த்துப் பார்ப்பது இறப்பு அபாயத்தை நன்றாகக் கணித்தது. தாழ்வாரத்தில் நடந்த தூரம் இவ்வாறு உயிரோடு தொடர்புடைய அளவாயிற்று.

புதிரின் விடை: தசை

நுரையீரல் மாறாமலே நடை கூடுவது எப்படி என்ற கேள்விக்கான விடை கால்களில் இருந்தது. மூச்சிரைப்புக்கு அஞ்சி நோயாளி நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்ததும் தொடைத் தசைகள் மெலிகின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவற்றின் திறன் குறைகிறது. அத்தகைய தசை சிறு உழைப்பிலேயே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதை ஈடுசெய்ய உடல் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இரைப்பு மிகுகிறது, நடை மேலும் குறைகிறது. இந்தச் சுழலின் ஒரு பகுதி நுரையீரல் நோயின் விளைவு. மற்றொரு பகுதி இயக்கமின்மையின் விளைவு. இரண்டாவதைத் திருத்த முடியும்.

1980-களில் சில ஆய்வாளர்கள் இதை ஐயுற்றனர். தசை மாறும் அளவுக்குக் கடுமையாகப் பயிற்சி செய்ய இந்நோயாளிகளால் முடியாது என்று அவர்கள் கருதினர். 1991-இல் ரிச்சர்ட் கசபுரியும் சகாக்களும், போதிய கடுமையுடன் பயிற்சி தந்தால் லாக்டிக் அமிலமும் மூச்சுத் தேவையும் குறைவதைக் காட்டினர். 1996-இல் கனடாவின் ஃபிரான்சுவா மால்டேயும் சகாக்களும் தொடைத் தசையின் சிறு துண்டுகளை ஆராய்ந்து, பயிற்சிக்குப் பின் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் பெருகியிருப்பதைக் கண்டனர்.

மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் பெருகின. 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 65 சோதனைகளையும் 3,822 நோயாளிகளையும் உள்ளடக்கியது. பயிற்சி பெற்றவர்களின் ஆறு நிமிட நடை சராசரியாக ஏறத்தாழ 44 மீட்டர் கூடியிருந்தது. மூச்சிரைப்பும் களைப்பும் குறைந்திருந்தன. சான்று போதுமான அளவுக்குச் சேர்ந்துவிட்டதால், பயிற்சியை வழக்கமான கவனிப்புடன் ஒப்பிடும் புதிய சோதனைகள் இனித் தேவையில்லை என அமைப்பு அறிவித்தது. இவ்வமைப்புக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன், தெற்கு வேல்ஸின் தூசுநோய் ஆய்வுப் பிரிவில் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவதும் செய்வதும்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்க முடிபவர் வீட்டிலும் அவ்வாறே நடக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. உடலில் அணியும் அசைவுமானிகள் வந்த பின்பே இதை நேரடியாக அளக்க முடிந்தது. பிரேசிலைச் சேர்ந்த ஃபாபியோ பிட்டா, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சி.ஓ.பி.டி. நோயாளிகள் 50 பேரும் ஆரோக்கியமான முதியவர்கள் 25 பேரும் ஒப்பிடப்பட்டனர். முதியவர்கள் பகலில் சராசரியாக 81 நிமிடம் நடந்தனர். நோயாளிகள் 44 நிமிடமே நடந்தனர். உட்கார்ந்தும் படுத்தும் இருந்த நேரம் நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தது.

இந்த நிமிடங்களின் முக்கியத்துவத்தை மற்ற ஆய்வுகள் காட்டின. கோபன்ஹேகனில் 2,386 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நடப்பதற்கோ சைக்கிள் ஓட்டுவதற்கோ இணையான இயக்கம் உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்வதும், நுரையீரல் நோயால் இறப்பதும் குறைவாக இருந்தது. 2011-இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வு, அங்கு அளக்கப்பட்டவற்றுள் இறப்பு அபாயத்தை மிகுந்த வலுவுடன் கணித்தது அன்றாட இயக்கத்தின் அளவே என்று கண்டது. நோய் கடுமையானவர்கள் குறைவாக நடப்பதும் இயல்பே என்பதால், இவ்வகை ஆய்வுகளில் காரணத்தையும் விளைவையும் முழுமையாகப் பிரிக்க முடிவதில்லை.

பயிற்சியால் நடக்கும் திறன் கூடினாலும் நடக்கும் பழக்கம் தானாகக் கூடுவதில்லை என்பதும் தெரியவந்தது. பிட்டாவின் 2008 ஆய்வில் மூன்று மாதப் பயிற்சி திறனைக் கூட்டியது. அன்றாட நடை நேரம் கூட ஆறு மாதம் தேவைப்பட்டது. பல ஆண்டுகள் மூச்சிரைப்புக்கு அஞ்சி ஒதுங்கி வாழ்ந்தவர், தசை வலுப்பெற்ற உடனே பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவதில்லை.

கைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தாங்கலின்றிக் கையைத் தூக்கிச் செய்யும் வேலையில் தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ முடியாமல் போவதால் மூச்சின் ஒழுங்கு குலைகிறது என்பதைச் செல்லியும் சகாக்களும் 1986-இல் விளக்கினர். நடப்பதைவிடத் தலை வாருவதும் கொடியில் துணி உலர்த்துவதும் சிலருக்குக் கடினமாக இருப்பது இதனால்தான்.

ஊரும் அளவுகோலும்

அன்றாட வாழ்க்கை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் பால் ஜோன்ஸ் உருவாக்கிய செயின்ட் ஜார்ஜ் வினாத்தாள் இத்துறையில் பரவலாகப் பயன்படுவது. அதன் செயல்பாட்டுப் பட்டியலில் தோட்டத்தைக் கொத்துவதும் பனியை அள்ளுவதும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூரில் வாழும் ஒருவரின் சிரமம் வேறு வகையானது. தரையில் உட்கார்ந்து எழுவது, குத்துக்காலிட்டுக் கழிவறையைப் பயன்படுத்துவது, குனிந்து பெருக்குவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது ஆகியவை அங்கு நாள்தோறும் நடப்பவை. குனியும்போதும் குந்தும்போதும் வயிறு உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துவதால் மூச்சுவிடுவது கடினமாகிறது.

நோய்க்குக் காரணமும் வேறுபடுகிறது. மேலை நாடுகளின் ஆய்வுகளில் பெரும்பாலும் புகைபிடித்தவர்களே நோயாளிகள். இந்தியாவில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த பெண்களும், காசநோயிலிருந்து மீண்டவர்களும் கணிசமாக உள்ளனர். முப்பது மீட்டர் தாழ்வாரம் இல்லாத சிறு மருத்துவமனைகளில், ஒரு நாற்காலியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என எண்ணும் சோதனை பயன்படுகிறது. மறுவாழ்வுப் பயிற்சிக்கும் விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்கி, நடை, படியேற்றம், எடை தூக்கல் ஆகியவற்றைப் படிப்படியாகக் கூட்டுவதே அதன் அடிப்படை.

இப்பயிற்சியின் பலன் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளபோதிலும், வளர்ந்த நாடுகளிலும்கூடத் தகுதியுள்ள நோயாளிகளில் சிறு பகுதியினரே அதைப் பெறுகின்றனர். மருந்துச்சீட்டில் எழுத எளிதான மாத்திரையைப் போலன்றி, இதற்கு வாரக்கணக்கில் ஆளும் இடமும் நேரமும் வேண்டும். மூச்சிரைத்தால் அசையாமல் இருப்பதே நல்லது என்ற பழைய நம்பிக்கை நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் இன்னும் மறையவில்லை. சானடோரியத்தின் சாய்வு நாற்காலி மருத்துவமனைகளிலிருந்து மறைந்துவிட்டாலும், பல வீடுகளின் திண்ணையிலும் கூடத்திலும் அது இன்னும் இருக்கிறது.